இடது கை மோதிர விரல்

சான்றிதழ் வந்து ஐந்து வாரம்.
மாட்ட ஆணி இல்லை.
முடிதிருத்தகத்தின் பின்னறையில்
வாடகை மேசையின் மேல்
சுவரில் சாய்ந்து நிற்கிறது,
என்னைப் போலவே, யாராவது வருவார்களா என்று.

கிரிம்ஸ்பியில் பிப்ரவரி.
கதவு திறக்கும்போதெல்லாம் துறைமுகக் காற்று
மீன் வாடையோடு நுழைந்து
அசிட்டோன் வாடையைக் கண்டு திரும்பிப் போகும்.

பயிற்சிக்கு வாங்கிய பிளாஸ்டிக் கைக்கு
நாற்பது தடவை நகம் வைத்திருக்கிறேன்.
அது ஒருநாளும் கேட்டதில்லை,
"எத்தனை வருஷமா இந்த வேலை?" என்று.

சனிக்கிழமை பொஜேனா கேட்டாள்.
"கொஞ்ச காலமா," என்றேன்.
குனிந்து அரத்தைத் தேடினேன்.
அது கையில்தான் இருந்தது.

பதினோரு வருடம்
ஹேடக் மீனுக்கு முள் எடுத்த விரல்கள்.
ஆலையில் நகச்சாயம் கூடாது:
உறை, தொப்பி, ஒட்ட வெட்டிய நகம்.
நேற்றோடு அதை விட்டுவிட்டாள்.
திங்கள் முதல் பேருந்து ஓட்டப் பழகுகிறாள்.
"ஸ்டியரிங்கில் பத்தும் தெரியணும்,"
என்று பச்சைப் புட்டியைத் தொட்டாள்.
நாற்பத்தேழாம் எண்.

ஒரு மணி நேர வேலை
இரண்டே முக்கால் மணி ஆனது.
நகத்தால் கிள்ள வேண்டியதற்குக்
கோடரி எடுத்தவள் மாதிரி
தேய்த்தேன், துடைத்தேன், மறுபடி தேய்த்தேன்.
விளக்குக்குள் அவள் கை இருந்த
அறுபது அறுபது நொடிகளில் மட்டும்
மூச்சு விட்டேன்.
அவளுக்குப் போட்ட தேநீர் ஆடை கட்டியது.

இருபத்திரண்டு பவுண்டை வைத்துவிட்டு
இரண்டு கைகளையும் வெளிச்சத்தில் நீட்டினாள்,
யாருடையதையோ பார்ப்பதுபோல.

புதன் இரவு ஒரு படம் வந்தது.
இடது கை. மோதிர விரல்.
அடியோரத்தில் பச்சை தூக்கிக்கொண்டு
கீழே வெளிறிய ஒரு பிறை.
கூட ஒரு வார்த்தையும் இல்லை.

எழுதினேன்:
'பாத்திரம் கழுவும்போது உறை போட்டீங்களா?'
அழித்தேன்.
எழுதினேன்:
'சிலர் நகத்தில் ஜெல் ஒட்டாது.'
இதை அழிக்க நேரமானது.
பிடித்திருந்தது.

படத்தைப் பெரிதாக்கினேன்.
நகமும் சதையுமாய் இருக்க வேண்டிய இடத்தில்
நான் விட்டுவைத்த நூலளவு தோல்.
அதன்மேல் ஏறி நிற்கிறது பேஸ் கோட்,
கல்லின்மேல் வைத்த பலகையாக.

பல் துலக்கிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது:
காரணத்தை யாரையும் கேட்கவில்லை நான்.
புத்தகத்தைக்கூடத் திறக்கவில்லை.
வாயில் நுரையோடு எழுதினேன்:
'என் தவறு. நாளைக்கு வாங்க. காசு வேண்டாம்.'

வந்தாள்.
சாலையில் எல்லாரும் ஒதுங்கி வழி விடுகிறார்களாம்.
"முன்னாலும் பின்னாலும் பழகுநர் பலகை.
சிவப்பில், இவ்வளவு பெருசு."
பின்னோக்கி எடுக்கையில்
இரண்டு கூம்புகளை இடித்தாளாம்.
ஒன்று சக்கரத்தடியில் மாட்டி
நிறுத்தம்வரை கூடவே வந்ததாம்.
அவள் சிரித்த சிரிப்பில் விரல் ஆடியது.
"ஆடாதீங்க," என்றேன்.
ஆடாமல் இருந்தாள்.

ஒற்றை நகம். பதினெட்டு நிமிடம்.
விளிம்பில் ஒரு மயிரிழை இடம் விட்டு
நாற்பத்தேழாம் பச்சை.
கை நடுங்கவில்லை என்பதை
டாப் கோட்டைத் துடைத்த பிறகே கவனித்தேன்.
கவனித்ததும் லேசாக நடுங்கியது.

இன்று சனிக்கிழமை. மழை.
கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமல்
கதவருகிலேயே நின்று ஒருத்தி கேட்கிறாள்,
"எத்தனை வருஷமா?"

"ஆறு வாரம் ஆகப்போகுது."

பிளாஸ்டிக் கையைப் பார்க்கிறாள்.
சாய்ந்து நிற்கும் சான்றிதழைப் பார்க்கிறாள்.
என் நகங்களைப் பார்க்கிறாள்;
அவை மொட்டையாக இருக்கின்றன,
நேரமே கிடைக்கவில்லை.

நாற்காலியை இழுத்துப் போட்டு
விளக்கின் சுவிட்சைத் தட்டுகிறேன்.
பை இன்னும் தோளில்தான்.